கேம் மாஸ்டராக முதல் ஆட்டம்: தேர்வை ஆட்டக்காரர்களிடமே விடுவது எப்படி?

ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டை நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தில் ஒரு பூதத்தை உருவாக்கியிருந்தேன். அதற்குப் பெயர், குரல், பழைய பகை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தோழிகள் கால்மணி நேரம் விவாதித்து வலப்பக்கம் போனார்கள். பூதம் அங்கே நின்றது. ஆட்டம் முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “இடப்பக்கம் போயிருந்தால்?” நான் விழித்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எந்தப் பாதையில் போனாலும் வந்து நிற்கும் இந்தப் பூதத்துக்குக் கேம் மாஸ்டர்கள் வட்டத்தில் ‘குவாண்டம் ஓகர்’ என்று பெயரே உண்டு. அவர்களுடைய கால்மணி நேர விவாதத்தை நான் வீணடித்திருந்தேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இவ்வகை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, ஆட்டத்தை நடத்துபவரை ‘நடுவர்’ என்றே குறிப்பிட்டார்கள். படை பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வந்த வழக்கம் அது. ஆனால் இந்த நடுவர்தான் மைதானத்தையும் கட்டுகிறார், எதிரணிக்கும் ஆடுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: கதையை எழுதாதீர்கள், நிலைமையை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். கோட்டையில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், ஆட்டக்காரர்கள் எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எடுத்துக்காட்டாக: கொள்ளையர் தலைவி ஒரு வணிகரைச் சிறைவைத்திருக்கிறாள், மூன்றாம் நாள் இரவு அவரை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்விடுவாள், அவளுடைய காவலர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வணிகரை எப்படி மீட்பது என்று நீங்கள் எழுத வேண்டாம். மதில் ஏறலாம், காவலருக்குக் காசு கொடுக்கலாம், ஆற்றங்கரையில் மறைந்திருக்கலாம். உங்களுக்குத் தோன்றாத நான்காவது வழி நிச்சயம் வரும்.

படி 2: தேர்வுக்கு முன்னால் தகவல்

ஒரே மாதிரியான இரண்டு கதவுகளைக் காட்டி “எது?” என்று கேட்டால், அது நாணயம் சுண்டுவதுதான். ஒரு கதவின் அடியிலிருந்து வெப்பக்காற்று வரட்டும். இன்னொன்றின் முன்னால் உள்ளே போன காலடித் தடங்கள் இருக்கட்டும். திரும்பி வந்த தடம் ஒன்றும் இருக்க வேண்டாம். இப்போது பேச விஷயம் இருக்கிறது.

முக்கியமான உண்மைக்குக் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது கைகொடுக்கும்.

படி 3: உருட்டும் முன் பேசுங்கள்

புதியவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் இடம் இது. ஆட்டக்காரர் பகடையை எடுத்ததும் நிறுத்துங்கள். என்ன அடையப் பார்க்கிறார், எப்படி என்று கேளுங்கள். பிறகு எட்ட வேண்டிய எண்ணையும் தவறினால் வரும் விளைவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் சுலபமான செயலுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. மதில் ஏற 15 என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்துக்கு 3 புள்ளி கூடுதல் திறன். அப்படியென்றால் இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். தோழர் ஒருவர் உதவினால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதமாகிவிடும்.

“எண் 15. தவறினால் விழ மாட்டாய், ஆனால் கல் உருண்டு காவலர் விழித்துக்கொள்வார்.”

“அப்படியானால் பொறு. முதலில் யாராவது கீழிருந்து தோள் கொடுக்கட்டும்.”

இந்த “பொறு” என்ற சொல் வரும்போதுதான் ஆட்டம் அவர்கள் கைக்குப் போகிறது. தவறினாலும் ஒன்றும் மாறாது என்றால் உருட்டவே வேண்டாம். ஏறிவிட்டாள் என்று சொல்லி நகருங்கள்.

படி 4: பகடை மேசை நடுவில்

கேம் மாஸ்டர் தன் முன்னால் ஒரு திரையை வைத்து, அதற்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்வது கருணை என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை காப்பாற்றினால், அடுத்த முறை ஒரு பாத்திரம் இறக்கும்போது நீங்களே கொன்றதாக ஆகிவிடும். ஒரு முடிவை உங்களால் ஏற்க முடியாதென்றால் அதைப் பகடையிடம் விடாதீர்கள். தங்களை யாரோ பின்தொடர்வதை ஆட்டக்காரர்கள் அறியக்கூடாத நேரம் போன்றவற்றுக்கு மட்டும் மறைத்து உருட்டுவது சரி.

எதிரியை அளவுக்கு மீறிப் பலமாக்கிவிட்டீர்களா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “நான் தவறாகக் கணக்கிட்டுவிட்டேன், இதன் பலத்தைப் பாதியாக்குகிறேன்.” யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அல்லது எதிரி சரணடையச் சொல்லட்டும். பிணத்தைவிடக் கைதிக்கு மதிப்பு அதிகம்.

படி 5: எதிர்பாராததைச் செய்தால்

அவர்கள் சண்டையே போடாமல் காவலர்களின் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் தயாரித்த சண்டை போயிற்று. வலிக்கும். ஐந்து நிமிடம் இடைவேளை விட்டு, படி 1இல் எழுதிய பக்கத்தைப் பாருங்கள்: தலைவி இப்போது என்ன செய்வாள்? பதில் அங்கேயே இருக்கும்.

படி 6: எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

விதியில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லுங்கள், புத்தகத்தைப் பிறகு புரட்டலாம். நெருங்கிய நண்பருக்கு ஒரு சலுகை கொடுத்தால் மற்றவர்களுக்கும் அது உண்டு. பேசாமல் இருப்பவரிடம் பாத்திரத்தின் பெயர் சொல்லி என்ன செய்கிறது என்று கேளுங்கள். “பார்த்துக்கொண்டிருக்கிறது” என்றால் அதுவும் பதில்தான். எவையெல்லாம் கதையில் வரவே கூடாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே எல்லோரிடமும் கேட்டு வைத்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் யாராவது “அந்தப் பக்கம் என்ன இருந்தது?” என்று கேட்பார்கள். சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் அவர்கள் அங்கே திரும்பிப் போகக்கூடும்.