எதற்கும் அசராத டீன் ஏஜ் பிள்ளைகளோடு ஒரு குட்டி வெளிநாட்டுப் பயணம்: முதல் தடவை திட்டமிடுவோருக்கு

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய் "வெளிநாட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டால், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்... போலாம்" என்று பதில் வரும். ஆசையாகப் பேச்செடுத்த பெற்றோருக்குப் பாதி உற்சாகம் அப்போதே வடிந்துவிடும். அந்த "ம்..." என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசையை முகத்தில் காட்டவே கூச்சப்படும் வயது அது.

பிள்ளைகளை எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று போடும் திட்டம் பெரும்பாலும் எடுபடாது. பயணத்தில் ஒரு பகுதியை முழுமையாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் நிலைமையே வேறு. இங்கே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த நம்பிக்கையில் எழுதியவை. ஒரே நகரம், மூன்று அல்லது நான்கு இரவுகள், 13 முதல் 17 வயதுக்குள் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: மூன்று ஊர்களை முன்னால் வையுங்கள்

"எங்கே போகணும்?" என்று பொதுவாகக் கேட்டால் "தெரியல" என்பதுதான் பதிலாக வரும். உங்கள் வரவு செலவுக்கும் விடுமுறைக்கும் ஒத்துவரும் மூன்று நகரங்களை நீங்களே தேர்ந்தெடுத்து, "இதில் ஒன்றைச் சொல்லு" என்று கேளுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. மூன்றில் எதைச் சொன்னாலும் நீங்கள் மறுக்கக் கூடாது. பிள்ளை ஒன்றைச் சொன்ன பிறகு "அதைவிட இது நல்லா இருக்குமே" என்று ஆரம்பித்தால், கேட்டதே சும்மா ஒப்புக்குத்தான் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு எதற்கும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்த மூன்றைப் பிடிக்க, அவர்கள் பொழுதைப் போக்கும் விஷயங்களிலிருந்து தொடங்குங்கள். அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூனும் வீடியோ கேமும் என்றால் டோக்கியோவின் அகிஹபாரா கடைப்பகுதி இருக்கிறது. கொரிய இசை என்றால் சியோல். கால்பந்து என்றால் பார்சிலோனா, மான்செஸ்டர் போன்ற ஊர்களில் ஸ்டேடியத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். எப்போதும் படம் வரைந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்கு பெர்லின். ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்து 1989-ல் வழிவிட்ட பெர்லின் சுவரின் 1.3 கிலோமீட்டர் நீளத் துண்டு ஒன்று, முழுக்க ஓவியங்களோடு அங்கே இன்னும் நிற்கிறது. திறந்தவெளி, நுழைவுச்சீட்டு கிடையாது.

படி 2: தூரத்தையும் நேர வித்தியாசத்தையும் பார்த்துக் கழித்துக்கட்டுங்கள்

புது நேரத்துக்கு உடம்பு பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊருக்கு நான்கு நாள் போனால், உடம்பு பழகுவதற்குள் திரும்பும் விமானத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே குட்டிப் பயணத்துக்கு மூன்று மணி நேர வித்தியாசத்துக்குள் இருக்கும் ஊர் நல்லது. முடிந்தால் நேரடி விமானம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலோ மெட்ரோவோ ஓடினால் இன்னும் நல்லது. நல்ல பொதுப் போக்குவரத்து உள்ள ஊரில்தான் பிள்ளைகளைத் தனியாகச் சுற்ற விட முடியும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

டோக்கியோ உங்களுக்கு ரொம்ப தூரம் என்றால் அதை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். மூன்று ஊர் பட்டியலைப் பிள்ளையிடம் காட்டும் முன்பே இப்படிக் கழித்துவிடுங்கள்; சேர்த்துவிட்டு அப்புறம் எடுக்காதீர்கள்.

படி 3: காகித வேலை

முதலில் பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் சிறாருக்கு ஐந்து ஆண்டுக்கான பாஸ்போர்ட்தான் கொடுக்கின்றன. உங்களுடையது செல்லுபடியாக இருப்பதால் அவர்களுடையதும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஷெங்கன் விசா தேவைப்படுவோர் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்புதான் கடைசிக் கெடு. ஆனால் பரிசீலனை சில சமயம் 45 நாள் வரை இழுக்கும் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும். அதனால் டீன் ஏஜ் பிள்ளை நேரில் வந்தாக வேண்டும். பள்ளித் தேர்வு நாளோடு அது மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் என்றால், போய்ச் சேருவதற்கு முன்னால் மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ கூட்டிப்போவதாக இருந்தால், மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். சில எல்லைகளில் கேட்பார்கள்.

போகும் நாட்டின் சட்டத்தைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவதும் இந்தப் படியில்தான் வரும். சிங்கப்பூரில் வேப் எனும் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். "என் பிள்ளை அப்படியில்லை" என்று நினைத்துப் பேசாமல் இருக்க வேண்டாம். யாரையும் சந்தேகப்படுகிற தொனி இல்லாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் போதும்.

படி 4: ஆளுக்கு அரை நாள்

இதுதான் முக்கியமான படி. மற்றதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

பயண நாட்களை அரை அரை நாளாகப் பிரியுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அரை நாள் சொந்தம். அந்த அரை நாளில் எங்கே போவது, எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது எல்லாமே அவர் முடிவு. மற்றவர்கள் முணுமுணுக்காமல் கூடப் போக வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூட ஆளுக்கொரு அரை நாள் உண்டு. உங்கள் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு வர வேண்டுமென்றால், அவளுடைய ஸ்னீக்கர் கடைக்கு நீங்களும் அப்படியே வர வேண்டும். கடை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அதில் சேராது.

கொடுக்கும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எவ்வளவு பணம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பாதுகாப்புக்கான எல்லை எது. பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதியை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், விலைப்பட்டியலை எவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள் என்று பாருங்கள்.

வேலையும் அவர்களுடையதுதான். அந்த இடம் எந்தக் கிழமை விடுமுறை, முன்பதிவு வேண்டுமா, ஹோட்டலிலிருந்து எந்த ரயில், எல்லாம் அவர்களே தேட வேண்டும். பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஐரோப்பாவில் வேறு பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. இப்படி ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, போய்ப் பார்த்தால் பூட்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லாதீர்கள். "சரி, அடுத்து என்ன செய்யலாம்?" என்று அவர்களிடமே கேளுங்கள். பெரியவர்கள் போடும் திட்டமும் சொதப்பத்தானே செய்கிறது? முன்பதிவு இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள் என்ற இடங்களை மட்டும் நீங்கள் முன்கூட்டியே நினைவூட்டினால் போதும்.

எதுவுமே திட்டமிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்கும் அந்த அரை நாள் உண்டு. ஹோட்டலில் தூங்குவதுதான் அவன் முடிவு என்றால் தூங்கட்டும். அதற்கும் மதிப்புக் கொடுத்தால்தான் அந்த அரை நாள் உண்மையிலேயே அவனுடையது.

படி 5: முன்பதிவு செய்ய வேண்டியவை

சில இடங்களில் நினைத்த நாளில் போய் நுழைய முடியாது. ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் மறைந்திருந்த வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள். டோக்கியோ அருகே மிடாகாவில் இருக்கும், ஜிப்லி எனும் அனிமே பட நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு, அடுத்த மாத டிக்கெட் ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தில் நுழையும் நேரம் குறித்த டிக்கெட். அந்த டிக்கெட் வேட்டையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். இசைக் கச்சேரி டிக்கெட்டுக்காக இணையத்தில் காத்திருந்து பழகிய கைகள் அவை, உங்களைவிட வேகமாக வேலை செய்யும்.

அருங்காட்சியகமே வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கும் ஆன் ஃபிராங்க் வீட்டை நான் தயங்காமல் சொல்வேன். 1942-ல் அங்கே ஒளிந்தபோது அவளுக்கு 13 வயது, பிடிபட்டபோது 15. அந்தக் குறுகிய அறைகளில் நிற்கும்போது, தங்கள் வயதுப் பெண் ஒருத்தியின் கதை என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

பெரிய அருங்காட்சியகங்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஐந்து பொருட்களை முன்பே தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. லூவரில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். கட்டணம் இல்லாத இடத்தில் சீக்கிரம் கிளம்ப மனசு வலிக்காது. இலவசம் என்றாலும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 6: காலையை விட்டுக்கொடுங்கள்

பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அதனால் அவர்களுக்குத் தூக்கம் வருவதும் தாமதம், விழிப்பதும் தாமதம். சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. பள்ளிகளே காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-ல் பரிந்துரைத்தது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

எனவே ஒவ்வொரு நாளையும் காலை 11 மணிக்குத் தொடங்குங்கள். அதற்கு முன் நீங்கள் இருவரும் காலாற நடந்துவிட்டு, நிதானமாகக் காபி குடித்துவிட்டு வரலாம். முன்பதிவு செய்த நிகழ்ச்சி ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மாலையிலும் இரவிலும்தான் பிள்ளைகள் நன்றாக விழித்திருப்பார்கள். உயரமான கட்டடத்தின் மேலிருந்து ஊரைப் பார்ப்பது, இரவுச் சந்தை, படகுப் பயணம் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் வையுங்கள். இஸ்தான்புல்லில் சாதாரணப் பயணிகள் படகே அரை மணிக்குள் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுபோய் விடும். ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெரி எனும் படகு துறைமுகத்தைக் கடக்கும். உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகும் படகு என்பதால், சுற்றுலாத்தனமாக இருக்கிறது என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்கும் அது பிடிக்கும்.

படி 7: தங்குமிடம்

மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் எடுங்கள். அறை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். தனி அறை கொடுப்பதாக இருந்தால், சிறாரைத் தனியாகத் தங்க விடுவார்களா, உள்கதவால் இணைந்த அறைகள் உண்டா என்று ஹோட்டலிடம் முன்பே கேளுங்கள். வைஃபை அவசியம்.

படி 8: ஃபோன், வழி, தனியே சுற்றும் நேரம்

ஃபோனைப் பிடுங்கி வைக்க வேண்டாம், அதையே வழிகாட்டியாக மாற்றிவிடுங்கள். கிளம்பும் முன் ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் இணையத்திலேயே இறக்கிக்கொள்ளும் சிம் போடுவதானால், ஃபோன் அதை ஏற்குமா, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் நெட்வொர்க் லாக் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சியோலில் கூகுள் மேப்பைவிட நேவர் மேப் நன்றாக வழி காட்டும். லண்டன் மெட்ரோவில் கார்டைத் தட்டி நுழைவதென்றால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்; உள்ளே தட்டிய அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட் மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட் மணிதான், அதனால் கவலையில்லை.

முதல் நாளிலிருந்தே வழி கண்டுபிடிப்பது பிள்ளை பொறுப்பு. அவள் முன்னால் நடக்க, நீங்கள் பின்னால். எதிர்த் திசை ரயிலில் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிக்கொள்ளலாம், பதறாதீர்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஊர் பழகியதும், ஒன்றிரண்டு மணி நேரம் தனியாக விடுங்கள். அண்ணன் தங்கையாக இருந்தால் சேர்ந்தே போகட்டும். எந்தப் பகுதியைத் தாண்டக் கூடாது, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது என்று பேசிவையுங்கள். ஹோட்டல் முகவரியும் உங்கள் எண்ணும் காகிதத்திலும் எழுதி இருக்கட்டும், ஃபோன் அணைந்துபோனால் உதவும். அவசர எண்ணும் தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. உங்கள் பிள்ளையின் பக்குவம் உங்களுக்குத்தான் தெரியும். 13 வயதுக்கு ஒரு கடைத்தெரு போதும், 17 வயதுக்கு மூன்று மெட்ரோ நிறுத்தம்கூடச் சரிதான்.

படி 9: அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு

"பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கேள்வி வந்தால் பரீட்சை எழுதுவது போல ஆகிவிடும். கூப்பிட்டும் வராமல் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பது, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது, இரவு படுக்கும்போது அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது, இதெல்லாம்தான் பதில்.

முகம் தொங்கிப்போனால் முதலில் பசியா, தூக்கமா, கால் வலியா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரு மாலை பிரிந்துபோங்கள். ஒருத்தி அப்பாவோடு, ஒருவன் அம்மாவோடு. தனியாக இருக்கும்போது வரும் பேச்சு, நால்வராக நடக்கும்போது வராது. அவர்களைப் படம் எடுத்தால், எங்கேயும் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அவர்களுக்கு ரொம்பப் பெரியது.

கடைசி அரை நாளுக்கு யார் பெயரும் போட வேண்டாம். பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்த நாட்களில் அவர்களுக்குப் பிடித்துப்போன இடம் எது என்று கேட்டு, அங்கேயே இன்னொரு முறை போங்கள். விமான நிலையத்துக்குப் போக எந்த ரயில், எத்தனை மணிக்கு என்பதையும் அவர்களே சொல்லட்டும்.