பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைப்பது எப்படி? எடைக்கடையிலிருந்து பிடிஎஃப் வரை

1990களில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பரணில் ஒரு கட்டு கிடக்கும். பிசி க்வெஸ்ட், சிப், டிஜிட், தமிழ் கம்ப்யூட்டர், நடுவில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பைட் ஒன்று. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டு அப்படியே எடைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் அதை ஸ்கேன் செய்து வைக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ஸ்கேனரைத் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை.

1. முதலில் தேடிப் பாருங்கள்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. 1975 செப்டம்பர் முதல் 1998 ஜூலை வரை வந்த அமெரிக்க பைட், 1981 நவம்பரில் தொடங்கிய பிரிட்டனின் கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ் இதெல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் (archive.org) ஏராளமாகக் கிடைக்கிறது. உங்கள் கையில் இருக்கும் பைட் இதழை மறுபடி ஸ்கேன் செய்து யாருக்கும் பயனில்லை. ஆசைக்கு வைத்துப் படியுங்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில்தான் இடைவெளி அதிகம், தமிழில் வந்தவற்றில் இன்னும் அதிகம். பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததை மட்டும் எடுத்து வையுங்கள்.

சொந்தமாகக் கட்டு இல்லாதவர்கள் பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா, கம்ப்யூட்டர் புக்கு ஏதாச்சும் வந்தா தனியா எடுத்து வைங்கண்ணா, எடைக்கு மேல போட்டுத் தர்றேன்" என்று சொல்லி, போனையும் கொடுத்துவிட்டு வந்தால் போதும். மூடிப்போன பிரவுசிங் சென்டர், கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர்களையும் விசாரியுங்கள். அவர்கள் கட்டுகளில் அட்டை மேல் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதை அழிக்க நினைக்காதீர்கள், அதுவும் வரலாறுதான்.

2. ஈரம்

இந்தப் படியில்தான் பத்திரிகை பிழைக்கிறது, அல்லது போகிறது. ஏற்காட்டிலிருந்து வரும் கட்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மழை மாதங்களில் மூடியே கிடக்கும் எஸ்டேட் பங்களாவில் அலமாரிக்குள் இருந்த புத்தகம், பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும்.

கம்ப்யூட்டர் பத்திரிகைகளின் பளபளப்புத் தாள் மேல் மெல்லிய களிமண் பூச்சு உண்டு. தாள் நனைந்து, ஒன்றோடொன்று அழுந்தியபடியே காய்ந்தால், அந்தப் பூச்சு பசைபோல இறுகி விடும். பிறகு பிரிக்கும்போது ஒரு பக்கத்தின் படம் எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். ஆகவே,

- இன்னும் ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பக்கங்கள் ஒட்டாது, பூசணமும் வளராது. நேரம் கிடைக்கும்போது ஒன்றொன்றாக வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தலாம்.
- லேசான ஈரப்பதம் மட்டும்தான் என்றால் நிழலில், ஃபேன் காற்றில், விரித்து நிறுத்தி வையுங்கள். இந்த வேலைக்குச் சேலத்துச் சித்திரை வெயில் தரும் வறண்ட அறை அருமையானது. ஆனால் மொட்டை மாடியில் நேர் வெயிலில் போடாதீர்கள். தாள் நெளிந்து, நிறமும் வெளுத்துவிடும்.
- ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்துவிட்டதா? இழுக்காதீர்கள். திறக்கிற பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

பூசணம் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பிரஷால் துடைத்துவிடுங்கள். பூசணம் பிடித்ததை மற்றக் கட்டுகளோடு சேர்க்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வாடை தாளை விட்டுப் போகாது, உடம்புக்கும் ஆகாது. காற்றோட்டமான, காய்ந்த அலமாரியே போதுமான மருந்து.

3. பின்னை எடுப்பது

நடுவில் பின் அடித்த மெலிந்த இதழ் என்றால் பிரித்துவிடலாம். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு கம்பி முனைகளையும் மழுங்கிய கத்தியால் மெதுவாக நிமிர்த்தி, அட்டைப் பக்கமிருந்து வெளியே தள்ளுங்கள். துருப்பிடித்த பின் தாளைக் கிழிக்கும், அவசரம் வேண்டாம்.

பிரித்த பிறகு பக்க எண்கள் குழப்பும். 64 பக்க இதழில் வெளித்தாளின் ஒரு புறம் 64ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் இருக்கும், மறுபுறம் 2ம் 63ம். அடுத்த தாளில் 62ம் 3ம், பிறகு 4ம் 61ம். எந்தப் புறத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 65 வரும். கூட்டல் தவறினால் ஒரு தாள் காணவில்லை, அல்லது வேறு இதழின் தாள் கலந்திருக்கிறது. எடைக்கடையிலிருந்து வரும் கட்டுகளில் இது சகஜம். (அட்டைக்குப் பெரும்பாலும் எண் இருக்காது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

முதுகில் பசை போட்டு ஒட்டிய தடித்த இதழைப் பிரிக்க வேண்டாம். ஸ்கேனர் ஓரத்தில் பாதி தொங்கவிட்டு ஒரு பக்கமாக எடுங்கள், அல்லது மேலிருந்து கேமராவில் படம் பிடியுங்கள்.

4. ஸ்கேன்

சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர் (மூடியைத் திறந்து கண்ணாடி மேல் தாளை வைக்கும் வகை) போதும். எழுத்து மட்டும் உள்ள பக்கத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு). வண்ணப் படங்கள் உள்ள பக்கத்துக்கு 600இல் எடுத்துப் பிறகு 300 ஆகக் குறைப்பது நல்லது. அச்சுப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். குறைந்த அளவில் எடுத்தால் அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோடுகள் விழும். சில ஸ்கேனர் மென்பொருளில் இதற்கென்றே டீஸ்கிரீன் என்ற வசதி உண்டு.

தாள் மெலிதாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால், மேலே ஒரு கருப்புச் சார்ட் அட்டையை வைத்து மூடியை மூடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

போன்தான் இருக்கிறது என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து எடுங்கள்.

கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், பக்கம் என்ற வரிசையில் போடுங்கள்: 1999-03-012. முன்னால் பூஜ்ஜியம் போடாவிட்டால் 2ஆம் பக்கம் 19க்குப் பிறகு போய் உட்கார்ந்துகொள்ளும்.

5. விளம்பரங்களை விடாதீர்கள்

கோப்பின் அளவைக் குறைக்க விளம்பரப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. 1998 வாக்கில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் என்ன இருந்தது? பென்டியம் 2, 32 எம்பி ராம், 4 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் மானிட்டர். எந்த ஊரில் யார் விற்றார்கள், எத்தனை வருடம் வாரண்டி கொடுத்தார்கள் என்பதையும் கட்டுரை சொல்லாது, விளம்பரம்தான் சொல்லும். என் கட்டில் ஒரு இதழில் விளம்பர விலையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் யாரோ மாதத் தவணைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததா இல்லையா, தெரியாது. பேனாக் கிறுக்கல், சந்தா அட்டை, கிழித்து அனுப்ப வேண்டிய கூப்பன் எல்லாம் ஸ்கேனில் இருக்கட்டும்.

6. நேராக்கி, எழுத்தை எடுத்து, பிடிஎஃப்

ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் பக்கங்களை வெட்டி நேராக்கித் தரும். படத்தில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து, தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருள். தமிழுக்கான மொழிக் கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும். ஓரளவு நன்றாகவே படிக்கும்.

சறுக்குவது ஒரே இடத்தில்தான்: புரோகிராம் அச்சடித்த பக்கங்கள். 1980களில் கேம்களை வரி வரியாகப் பத்திரிகையில் போடுவார்கள், வாசகர் வீட்டில் உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும். பூஜ்ஜியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மனிதர்களே மாற்றி அடித்தார்கள். அதனால்தான் கம்ப்யூட்ஸ் கெசட் போன்ற பத்திரிகைகள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அச்சடித்தன. அந்தப் பக்கங்களில் மென்பொருளை நம்பாமல் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

7. சிடி இருந்தால்

பத்திரிகையோடு ஒட்டிய சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டு இணைப்பில் 650 எம்பியை இறக்க, 56கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் லினக்ஸும் கேம் டெமோக்களும் பலருக்குப் பத்திரிகை சிடியில்தான் கிடைத்தன. முதலில் முழு சிடியையும் ஐஎஸ்ஓ கோப்பாக (சிடியின் அச்சு நகலான ஒரே கோப்பு) எடுங்கள். கீறல் விழுந்து பாதியில் நின்றால் பழுதான சிடியிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முயன்று பாருங்கள், வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் ஓடாதது இன்னொன்றில் ஓடும். அதில் உள்ள தமிழ்க் கோப்புகள் புரியாத எழுத்தாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் படிக்க வரும்.

8. பொதுவில் போடலாமா?

உங்களுக்காக வைத்துக்கொள்ளும் வரை சிக்கலில்லை. நம் நாட்டில் காப்புரிமை எழுதியவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும், ஆகவே இந்தப் பத்திரிகைகள் எல்லாம் இன்னும் காப்புரிமையில்தான் இருக்கின்றன. பதிப்பாளர் இருந்தால் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். பிரித்த இதழைப் பழைய ஓட்டைகள் வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலால் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம். துருப்பிடித்த பின்னை மறுபடி மாட்ட வேண்டாம். பிறகு தரையோடு ஒட்டாத தட்டில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி அடுக்குங்கள்.