தகரப் பட்டியில் தவிச்ச ஆடுங்க

பென்னாகரம் பக்கம் எங்க ஊரு. பன்னண்டு சேலம் கருப்பு ஆடு வச்சிருக்கேன். பட்டிக்கு வருஷா வருஷம் ஓலை மாத்த முடியலேன்னு தகரம் போட்டேன். யாரும் சொல்லல, நானா பண்ண தப்பு.

2024 கோடையில மத்தியானம் தகரத்துல கை வைக்க முடியாது. ஆடுங்க வாயைத் திறந்து நாக்கு தொங்க, விலா படபடன்னு அடிச்சுக்கும். தீவனம் போட்டா மோந்துட்டு திரும்பிக்கும். ஒரு செனை ஆட்டுக்கு கரு கலைஞ்சு போச்சு.

தகரத்தைப் பிரிக்கக் காசில்ல. நல்லாக் காஞ்ச சோளத்தட்டையைத் தகரத்து மேல ஒரு முழக் கனத்துக்குப் பரப்பி, காத்துல பறக்காம கயிறு போட்டுக் கட்டினேன். மேக்காலச் செவுத்துல பாதியை இடிச்சுக் காத்துக்கு வழி விட்டேன். மறுநாளே ஆடுங்க உள்ளே படுத்து அசை போட்டுச்சு.

மேய்ச்சல் காலையில ஆறுல இருந்து பத்து, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேலதான். இடையில தண்ணி, கொஞ்சம் உப்பு போட்டு. குளிக்கிற தண்ணி ஓடுற இடத்துல தீவனத்துக்கு அகத்தியும் சவுண்டல் (சூபாபுல்) மரமும் வச்சேன். சவுண்டலை மட்டும் அளவாக் குடுங்க, மிஞ்சினா முடி கொட்டும்.

மழையில்லாம வாடி நிக்கிற இளஞ்சோளத்துல ஆட்டை விட்டுறாதீங்க, விஷம். பக்கத்து வீட்டக்கா ரெண்டு குட்டியை அப்படித்தான் இழந்தாங்க. மழைக்கு முன்னாடி துள்ளுமாரி நோய் வராம ஊசியும் போட்டுடுவேன்.

தட்டைக்குள்ள எலி வருது. அதுக்கு இன்னும் வழி தேடிக்கிட்டிருக்கேன்.