ஜோபிமின் கடைசி ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

நம் கச்சேரியில் சுருதி அசையாமல் நிற்க, ஸ்வரங்கள் அதன்மேல் உலவும். பிரேசில் நாட்டின் போசா நோவா இசையை உருவாக்கியவர்களுள் ஒருவரான அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் இதைத் தலைகீழாக்குகிறார்: பாட்டு ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்க, அடியில் கார்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டுகள், மாறிக்கொண்டே போகின்றன. ஆகவே, 1994-இல் வெளிவந்த ‘அந்தோனியோ பிரசிலெய்ரோ’ என்ற அவருடைய கடைசி ஆல்பத்துக்கு முன், ‘ஒற்றை ஸ்வர சம்பா’ என்று பொருள்படும் அவருடைய பழைய பாட்டை இருமுறை கேளுங்கள். குரலை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் தாழ்ந்து ஒலிக்கும் பேஸ் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அது காணாமற்போய்விடும் என்பதால் ஹெட்போன் அவசியம்.

தாளத்துக்கு நெல்லைக்காரர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. சுடலைமாடன் கோயில் கொடையில், வில்லுப்பாட்டின் குடம் சீராக நடக்க, உடுக்கு அதைச் சுற்றி விளையாடுவதைக் கேட்டிருப்பீர்கள். போசா நோவா கிதாரில் கட்டைவிரல்தான் குடம். மற்ற விரல்கள் உடுக்கு. குரல் மட்டும் வில்லுப்பாட்டுக்கு நேர் எதிர்: காதருகே பேசுவதுபோல் தணிந்திருக்கும்.

ஆல்பத்தை ‘த்ரெம் ஜி ஃபெஹோ’, அதாவது ரயில் வண்டி என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிரேசில் கவிஞர் மானுவல் பண்டெய்ராவின் கவிதைக்கு ஜோபிம் மெட்டமைத்தது. ‘காப்பியும் ரொட்டியும்’ என்ற சொற்களைப் போர்த்துகீசிய மொழியில் திரும்பத் திரும்பச் சொல்ல, செங்கோட்டை பாசஞ்சரின் சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டும் ஓசை வந்துவிடுகிறது. பொருள் தெரியாவிட்டாலும் குறையில்லை.

அடுத்து, இங்கிலாந்துப் பாடகர் ஸ்டிங் ஆங்கிலத்தில் பாடும் ‘ஹவ் இன்சென்சிடிவ்’. மெட்டு அருகருகே உள்ள ஸ்வரங்களிலேயே தயங்கி நிற்க, பேஸ் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவர் நீரை நோக்கி இறங்குவதுபோல் படிப்படியாகத் தாழ்கிறது. முதலில் செய்த பயிற்சி இங்கேதான் பலன் தரும்.

ஜோபிம் 1994 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் காலமானார். ஆல்பம் அடுத்த சில நாட்களில் வெளியாகி, 1996-இல் கிராமி விருதும் பெற்றது. அவர் இறந்தபின் வந்தது என்பதற்காக இதில் மரணத்தைத் தேட வேண்டாம், தேடினால் ஏமாறுவீர்கள். தம் சிறு மகள் மரியா லூயிசாவைப் பாடவைத்து அவர் மகிழ்வதுதான் கேட்கிறது.

பிறகு 1958-இல் பிரேசில் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்ட்டோ பாடிய ‘ஷேகா ஜி சவ்தாஜி’க்குச் செல்லுங்கள், அதுவும் ஜோபிமின் மெட்டே. இரண்டு நிமிடமே ஓடும் அப்பாட்டில், சோக மெட்டாகத் தொடங்கியது நடுவில் ‘மேஜர்’ எனும் மலர்ச்சியான ஸ்வர அமைப்புக்கு மாறுமிடத்தைப் பேஸை வைத்தே பிடித்துவிட முடிகிறதா என்று பாருங்கள்.