விக்கிப்பீடியாவுக்கு ஒரு நடை, வியாபாரத்துக்கு ஒரு நடை

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவர் தன் ஆலையைப் பற்றித் தானே விக்கிப்பீடியாவில் எழுதினால் அது பெரும்பாலும் நிலைக்காது. ஆலையோடு தொடர்பில்லாத நாளிதழோ நூலோ அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். சொந்த இணையதளம் அதற்குப் போதாது. காசு வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவித்தே ஆக வேண்டும்.

முதலில் சான்றுகளைச் சேருங்கள், பிறகு மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் சோதனைப் பக்கம்) வரைவு எழுதுங்கள். "புகழ்பெற்ற", "தலைசிறந்த" எல்லாவற்றையும் வெட்டுங்கள். நம் வட்டாரத்தைப் பற்றிய கட்டுரைகளில் தவறு நுழைவது மாவட்டப் பெயரில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. 1990இல் ஓசூரில் நடந்ததைத் தருமபுரி மாவட்டம் என்றே எழுத வேண்டும். 1965 அக்டோபர் 2க்கு முந்தையது என்றால் சேலம் மாவட்டம். பழைய செய்தியில் இன்றைய பெயரைப் போட்டால் சான்றும் வரியும் ஒட்டாது.

விற்பனைக்கு எழுதும்போது கேள்வியே வேறு: வாங்குபவருக்கு என்ன தெரிய வேண்டும்?

"உயர்தர மாங்கூழ்" என்பதில் ஒன்றுமில்லை. "பெங்களூரா மாங்கூழ், சர்க்கரை சேர்க்காதது, 3.1 கிலோ டின், பெட்டிக்கு 6" என்றால் அவர் உடனே கணக்குப் போடுவார். பக்கத்திலேயே அதே மாம்பழ வகையின் இன்னொரு பெயரான தோதாபுரி என்றும் போடுங்கள். வெளியூர்க்காரர் அந்தப் பெயரில்தான் தேடுவார். பிரிக்ஸ் அளவு (கூழின் இனிப்பைக் காட்டும் அளவு), குறைந்தபட்ச ஆர்டர், லாரி வாடகை யார் பொறுப்பு என்பதெல்லாம் போன் எண்ணுக்கு மேலே வரட்டும்.