தூரமும் இடப்பெயர்ச்சியும்: நடந்தும் அளந்தும் கற்பித்தல்

மலையகத்தில் பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைகள் பலருக்கு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து) வளைந்து இறங்கும் தோட்டப் பாதையும் தெரியும், தேயிலை மலைக்கு ஊடாக இறங்கும் குறுக்குப் பாதையும் தெரியும். எனவே வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்க வேண்டியதில்லை. முதலில் நடக்கவும் அளக்கவும் விட்டு, பெயர்களைப் பிறகு சொல்லுங்கள்.

மீற்றருக்கு ஒரு முடிச்சு வீதம் இட்ட கயிறும் திசையறி கருவியும் கைப்பேசியிலுள்ள நிறுத்தற் கடிகாரமும் போதும். மைதானத்தில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து கிழக்கே 12 மீற்றரும் அங்கிருந்து வடக்கே 9 மீற்றரும் அளந்து குறியிடுங்கள். ஒருவர் அவ்வழியே இயல்பாக நடக்க, இன்னொருவர் நேரத்தைக் குறிக்கட்டும். நடந்த தூரம் 21 மீற்றர். தொடக்கத்திலிருந்து முடிவுக்குக் கயிற்றை நேராக இழுத்துப் பிடித்தால் 15 மீற்றர். இங்கே அவசரப்படக் கூடாது. "15 மீற்றர்" என்று மட்டும் சொல்லும் விடையை ஏற்காமல், "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். கருவியைப் பார்த்து, கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 37 பாகை என்று சொன்ன பின்பே இடப்பெயர்ச்சி, அதாவது தொடக்கத்திலிருந்து முடிவுக்கான நேர்கோட்டு நீளமும் அதன் திசையும், முழுமையாகிறது. எடுத்த நேரம் 15 செக்கன் எனின், தூரத்தை நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் சராசரிக் கதி செக்கனுக்கு 1.4 மீற்றர், இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் சராசரி வேகம் அத்திசையில் செக்கனுக்கு 1 மீற்றர். கடிகாரத்தை அழுத்துவதில் பிழை நேருமாதலால் மூன்று முறை நடந்து சராசரி எடுப்பது நல்லது.

நமது இலங்கைப் பாடநூல்களில் கதி, வேகம் எனப்படுபவை இந்தியப் பாடநூல்களில் முறையே வேகம், திசைவேகம் எனப்படுகின்றன. இணையத்தில் இந்தியக் காணொளிகளைப் பார்க்கும் மாணவர் குழம்புவதற்கு இதுவே காரணம் என்பதால், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குறுக்குப் பாதையின் நீளமே இடப்பெயர்ச்சி என்ற எண்ணம்தான் மிகப் பிடிவாதமானது. குறுக்குப் பாதையும் ஒரு பாதையே, அதன் நீளமும் தூரமே. எந்த வழியாக வந்தாலும் இடப்பெயர்ச்சி மாறுவதில்லை. இதைக் காட்ட தெமோதரைப் புகையிரத வளைவைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கப் பாதை வழியாக வெளியேறுகிறது. களிமண்ணால் ஒரு குன்று செய்து, பென்சிலால் சுரங்கம் துளைத்து, உச்சியிலிருந்து நூலைச் சுற்றி இறக்கிச் சுரங்கத்தின் நடுவில் முடிக்கச் சொல்லுங்கள். நூலை எடுத்து நீட்டி அளந்தால் தூரம். உச்சியிலிருந்து சுரங்கத்தின் நடுவுக்கு நிலைக்குத்தாக அளந்தால் இடப்பெயர்ச்சி. அதன் திசை கீழ்நோக்கியது.

இறுதியாக ஒரு கணக்கு. கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதப் பாதை சுமார் 290 கிலோமீற்றர்; பதுளையோ கொழும்புக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே சுமார் 130 கிலோமீற்றரில் இருக்கிறது. பயணம் பத்து மணித்தியாலம் எனக் கொண்டால், சராசரிக் கதி மணிக்கு 29 கிலோமீற்றர், சராசரி வேகம் கிழக்கு நோக்கி மணிக்கு 13 கிலோமீற்றர். அதே புகையிரதம் அதே நேரத்தில் கொழும்புக்குத் திரும்பினால் முழுப் பயணத்துக்கும் இவ்விரண்டும் எவ்வளவு என்று கேளுங்கள். சராசரி வேகம் பூச்சியம் என்று சொல்லும் மாணவரிடம், கதி ஏன் இன்னும் 29 ஆகவே இருக்கிறது என்பதை முளையைச் சுற்றி நடந்து காட்டி விளக்கச் சொல்லுங்கள்.