நாள்பட நின்ற பழைய காரைக் கிளப்புவது எப்படி?

கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) பாயிண்ட்ஸும் (ஸ்பார்க்குக்கான கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) உள்ள பழைய காரைச் சில மாதம் ஓட்டாமல் விட்டால், சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. உடனே விடாமல் செல்ஃப் அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பேட்டரி இறங்க இறங்க ஸ்பார்க்கும் மெலியும். அப்புறம் கோளாறு எங்கே என்று பிடிப்பது இரட்டிப்பு வேலை. (ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டியா? ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே செல்ஃப் பக்கம் போக வேண்டும்.)

பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். டெர்மினல்களோடு எர்த் கேபிளின் இரண்டு முனைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து பெட்ரோல். முகர்ந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடித்தால் டேங்கைக் காலி செய்து புதிதாக ஊற்றுங்கள். நின்ற வண்டியில் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் (பெட்ரோல் தேங்கும் சிறு அறை) வற்றிப் போயிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும் என்பதால், செல்ஃப் அடித்தே அதை நிரப்ப நேரமாகும். நான் ஊசியில்லாத சிரிஞ்சால் வென்ட் துளை வழியாகப் பெட்ரோல் விட்டு நிரப்பிவிடுவேன். பிறகு ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டில் லீவரை ஒரு முறை இழுத்து உள்ளே பாருங்கள். மெல்லிய கம்பி போலப் பெட்ரோல் பீச்சினால் கார்புரேட்டரில் எரிபொருள் இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? என்னை வெகுநேரம் அலைக்கழித்தது இந்த இடம்தான்: பாயிண்ட்ஸ். வண்டி நிற்கும்போது அதன் முகப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். பார்வைக்குச் சுத்தமாகத்தான் தெரியும், கரண்ட் போகாது. கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். பாயிண்ட்ஸ் உள்ளே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்ட்ஸ் மூடியிருக்கும்படி எஞ்சினைச் சுற்றி வையுங்கள். இக்னிஷன் ஆன். காயிலின் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தருவது) நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பேட்டரி வோல்டேஜே காட்டினால் பாயிண்ட்ஸ் தொட்டும் தொடாமல் நிற்கிறது. அளந்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள், காயில் சூடாகிவிடும்.

தேய்ப்பதற்குப் பலரும் எமரி ஷீட்டை எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் துகள் முகப்பில் பதிந்துகொள்ளும். பாயிண்ட் ஃபைல் வாங்குங்கள். இரண்டு இழுப்பு போதும். பிறகு ஆல்கஹாலில் நனைத்த கெட்டி அட்டையை இடையில் விட்டு இழுங்கள், அழுக்கு கறுப்பாக வரும். கடைசியாக, கேமின் (பாயிண்ட்ஸைத் தள்ளித் திறக்கும் மேடு) உச்சியில் நிறுத்தி ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாயிண்ட்ஸின் இடைவெளியைச் சரிபாருங்கள். பல கார்களுக்கு 0.4 மி.மீ. அளவில் வரும், ஆனாலும் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சரி.

இப்போது ஏர் கிளீனரை மாட்டி, சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைப்பது) முழுதும் இழுத்து, பத்து வினாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடியும். செல்ஃப் அடிக்கும்போது திறந்த கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றவே ஊற்றாதீர்கள். பேக்ஃபயர் ஆனால் தீப்பிடிக்கும்.

பின்சேர்க்கை: லீவரை இழுத்தும் பெட்ரோல் பீச்சவில்லை என்று கேட்டவர்களுக்கு: உங்களுடையது எஸ்.யூ. கார்புரேட்டரா என்று பாருங்கள். அதில், லீவரை இழுத்ததும் பெட்ரோலைப் பீச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது, அதனால் பீச்சாது. அந்தக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று அடியில் உட்கார வேண்டும். பாதியில் சிக்கினால் மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டனையும் மூடியின் உட்புறத்தையும் பெட்ரோலில் துடைத்து மாட்டுங்கள்.